கிளியும் ஒட்டகமும் வெள்ளைப் பெட்டியும்

தூத்துக்குடி வத்தைக்கரைத் தெருவில் கருவாட்டுக் கடை வைத்திருந்த ஜெசிந்தா, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கையகலச் சீலாக் கருவாட்டைத் தூக்கி, எதிரே நிறுத்தியிருந்த கைப்பேசியின் முகத்துக்கு நேராக நீட்டி, "மோந்து பாருங்க, மூணு நாள் வெயில் குடிச்சது" என்று சொன்னாள். அந்த வீடியோவைத் திறந்துபார்த்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் கைப்பேசியிலிருந்தும் சீலாக் கருவாட்டின் வாசனை வந்தது. தோஹாவில் கான்கிரீட் கலவைக்குப் பக்கத்தில் நின்றவனுக்கும் வந்தது, மும்பையில் மின்ரயிலில் ஒற்றைக்காலில் தொங்கியவனுக்கும் வந்தது, திருச்சி கலெக்டர் ஆபீஸில் மேசைக்கடியில் கைப்பேசி பார்த்த அம்மாளுக்கும் வந்தது. எல்லோரும் முதலில் கைப்பேசியை முகர்ந்தார்கள், பிறகு அக்கம்பக்கம் பார்த்தார்கள், பிறகு யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் இன்னொரு தடவை முகர்ந்தார்கள்.

தெருக்காரர்கள் இதற்காக ஒன்றும் வாயைப் பிளந்து நிற்கவில்லை. கைப்பேசியில் பாட்டு வருகிறது, படம் வருகிறது, துபாயில் இருக்கிற புருஷன் வருகிறான், சம்பந்தி வீட்டுச் சண்டையும் ஒன்றுவிடாமல் வருகிறது. வாசனை ஒன்றுதான் பாக்கி இருந்தது, அதுவும் வந்து சேர்ந்தது என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். ஏன் ஜெசிந்தா கடைக் கருவாடு மட்டும் மணக்கிறது, பக்கத்துத் தெரு பிரியாணிக்கடை வீடியோ ஏன் மணக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு, பிரியாணிக்கடைக்காரன் எப்போது மனசாரக் கூப்பிட்டான் என்று பதில் வந்தது, அத்தோடு ஆராய்ச்சி முடிந்தது.

ஆனால் வாசனை வந்துவிட்டால் அதற்கென்று நடைமுறை வேண்டுமே. பங்குச்சாமியார் பிரசங்கத்தின் நடுவில், மூன்றாவது வரிசையில் யாரோ கைப்பேசியைத் திறந்ததில், மன்னிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் இடம் மறந்து நெத்திலியைப் பற்றிப் பேசிவிட்டார், அதனால் ஞாயிறு காலை ஏழிலிருந்து ஒன்பது வரை பதிவு கூடாது என்று சொல்லி அனுப்பினார். சபரிமலைக்கு மாலை போட்டிருந்த பாத்திரக்கடை ஆறுமுகநயினார் கைகூப்பி வந்து நின்று, "தங்கச்சி, நாப்பத்தோரு நாளு எனக்கு மட்டும் ஒத்திவையி, என்னால சாமி கும்பிட முடியல" என்றார். பள்ளிக்கூடத்து டீச்சர் பரீட்சை நேரத்தைச் சொன்னாள், பிள்ளைத்தாச்சி மருமகள் வைத்திருந்தவர்கள் மூன்று மாதம் கேட்டார்கள். ஜெசிந்தா எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதிக் கடை ஷட்டரில் ஒட்டினாள். மின்வெட்டு அட்டவணையைப் பார்ப்பதுபோல ஜனங்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

இதில் பிரயோஜனப்பட்டவர் பக்கத்துக் கடை டெல்மஸ். மக்ரூன் போடுகிறவர், வயது அறுபதை நெருங்கியது, அந்தப் பெரிய காய்ச்சல் வந்து போனபோது அவருடைய மூக்கின் வாசனையையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. முந்திரி வறுபடுகிற வாசனை தெரியாமல் கடிகாரத்தைப் பார்த்தே மக்ரூன் சுட்டுக்கொண்டிருந்த மனுஷன், ஜெசிந்தாவின் வீடியோவை வேடிக்கையாகத் திறந்தவர், அடுப்பை அணைக்காமல் கைப்பேசியோடு ஓடிவந்து, "யம்மா ஜெசிந்தா, எனக்கு மணக்குது" என்று சொல்லிவிட்டு விசும்பி விசும்பி அழுதார். நேரே கருவாட்டை நீட்டினால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, கைப்பேசியில் வந்தால்தான் தெரிந்தது. அதனால் வேறு எந்த வாசனையும் கலக்காத மூக்கு அவருடையது ஒன்றுதான் என்று தெரு முடிவுசெய்து, வாசனை விஷயத்தில் கடைசி வார்த்தை டெல்மஸுடையது என்று வைத்துக்கொண்டது.

வாசனை போய்ச் சேர்ந்த இடத்திலிருந்தெல்லாம் ஆர்டர்கள் வந்தன. முகநூலில் ஒருவர் வாளை கேட்டார், இன்ஸ்டாவில் ஒருத்தி காரல் கேட்டாள், வாட்ஸ்அப்பில் நாற்பது பேர் ஒரே சமயத்தில் நெத்திலி கேட்டார்கள். ஜெசிந்தா உப்புக் கையோடு கைப்பேசியைத் தடவித் தடவி, திரையே உப்புப் பூத்துப்போயிற்று. புருஷன் மஞ்சள்காமாலையில் போன பிறகு எட்டு வருஷமாக ஒற்றை ஆளாய்க் கடையை நடத்துகிறவள், இன்னும் இரண்டு கைகளை யாரிடம் போய்க் கடன் வாங்குவாள்?

மகள் பெனிட்டாதான் வழி சொன்னாள். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி வணிக நிர்வாகம் கடைசி வருஷம் படிக்கிற பெண், கிறிஸ்துமஸ் விடுமுறையில் கடைக்கு இணையத்தில் பக்கம் திறந்துகொடுத்ததும், கைப்பேசியை நிறுத்த முக்காலி வாங்கிக்கொடுத்ததும் அவள்தான். "எம்மா, எல்லாத்தையும் ஒரே இடத்துல பாக்கதுக்கு சாப்ட்வேர் இருக்கு. எப்ப பதிவு போகணுமோ அப்ப அதுவே போடும், வர்ற கேள்வி எல்லாம் ஒரே டப்பாக்குள்ள வந்துரும். மூணு அனுப்புதேன். பதினாலு நாளு சும்மா ஓட்டிப்பாரு. பிடிச்சத வச்சுக்க" என்றாள். காலைப் பதிவுக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, சாயங்காலத்துக்கு ஒன்று என்று பிரித்துக்கொடுத்தாள். மார்க் போடுவதற்கு ஒன்பது கட்டம் போட்ட அட்டவணை ஒன்றையும் அனுப்பினாள்.

பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள். "அதுல எது வாசனைய நிறுத்துதுன்னும் பாரும்மா."

அந்தத் தாழ்ந்த குரலுக்கு ஒரு கதை உண்டு. ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம், அம்மா என்ன செய்கிறார்கள் என்று யாரோ கேட்டபோது, பெனிட்டாவின் வாயிலிருந்து மக்ரூன் கடை என்று வந்துவிட்டது. வந்தது வந்ததுதான், மூன்று வருஷமாக அதைக் கட்டிக்காப்பாற்ற வேண்டியதாயிற்று. ஜெசிந்தா மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் டெல்மஸ் கடையில் இரண்டு கிலோ மக்ரூன் வாங்கி, கடைப்பெயர் போட்ட பெட்டியை மாற்றி, எலுமிச்சம்பழத்தால் கையைத் தேய்த்து, சந்தன சோப்பில் மூன்று முறை குளித்துவிட்டுப் புறப்படுவாள். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தூண் பக்கத்தில் மகளைப் பார்த்து, பெட்டியைக் கொடுத்து, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாள். மகள் எந்தக் கட்டிலில் படுக்கிறாள், ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. இதை அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் திரும்பி வருகிற பஸ்ஸில் சாத்தூர் வரைக்கும் அழுவாள்.

இப்போது பெனிட்டாவின் கைப்பேசியும் மணக்க ஆரம்பித்துவிட்டது, பக்கத்தைத் திறந்ததே அவள்தானே, ஒவ்வொரு பதிவும் அவள் கைப்பேசிக்குத் தானாகவே வந்து திறந்தது. மெஸ்ஸில் மேசைமேல் வைத்திருந்தபோது திருக்கை வாசனை கிளம்பி, வார்டன் சாக்கடையைத் திறந்து பார்க்கச் சொல்லி, பெனிட்டாவும் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லோரோடும் சேர்ந்து சாக்கடையைத் திட்டினாள். அன்றிலிருந்து கைப்பேசியை மூன்று பாலிதீன் பையில் சுற்றிப் பவுடர் டப்பாவுக்குள் வைத்திருந்தாள்.

"மார்ச்சுல கடைசி வருஷப் பெற்றோர் நாள் வருது. வாசனை வராதத எடுத்தேன்னா நீ வாம்மா. ஹாஸ்டலுக்கே வா. ரூமப் பாரு. எல்லார்ட்டயும் காட்டுதேன்" என்றாள்.

ஜெசிந்தாவுக்கு அன்று முழுதும் தராசு முள் எங்கே நிற்கிறதென்றே கண்ணில் படவில்லை.

மூன்று சாப்ட்வேரின் பெயரும் வாயில் நுழையாத பெயர்கள். தெருக்காரர்கள் திரையில் இருந்த படத்தைப் பார்த்துக் கிளி, ஒட்டகம், வெள்ளைப் பெட்டி என்று பெயர் வைத்தார்கள். தினம் மூன்று வேளையும் டெல்மஸ் கடை பெஞ்சில் ஏழெட்டுப் பேர் கைப்பேசியை மூக்கோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், வெளியூர்க்காரன் எவனாவது பார்த்திருந்தால் ஏதோ புதுவிதமான ஜெபம் என்று நினைத்திருப்பான்.

கிளி சுறுசுறுப்பானது. சொன்ன நிமிஷத்தில் பதிவைப் போட்டது, ஆனால் படத்தைச் சதுரமாக நறுக்கிப் போட்டது, நறுக்கினதில் வாசனையும் நறுக்குப்பட்டது. டெல்மஸ் கண்ணை மூடி இழுத்துவிட்டு, "தலப்பக்கம் வருது, வால்பக்கம் வரல" என்றார். கேள்விகளுக்குக் கிளி தானாகவே பதில் சொல்லும். காயல்பட்டினத்திலிருந்து ஒரு அக்கா நெத்திலி தீர்ந்துபோச்சா என்று கேட்டதற்கு, தங்கள் இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள் என்று எழுதியது.

ஒட்டகம் மெத்தனம். மதியம் போடச் சொன்னது மாலை நாலு மணிக்குத்தான் ஆடி அசைந்து போய்ச் சேரும். அது பலபேர் சரக்கையும் ஒரே மூட்டையாகத் தூக்குகிற ஜாதி. ஒருநாள் ஜெசிந்தாவின் சூடைக் கருவாட்டில் ஊதுபத்தி வாசனை கலந்து வந்தது, மைசூரில் ஊதுபத்தி விற்கிற ஒருவர் தன் பத்தியில் சூடை மணப்பதாக மறுநாள் வருத்தத்தோடு எழுதியிருந்தார். திரை முழுக்கப் பொத்தான், பொத்தானுக்குள் பொத்தான், ஆதிகாலத்து மளிகைக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

வெள்ளைப் பெட்டியை எல்லோரும் வாயடைத்துப் பார்த்தார்கள். நொடி பிசகாது, கேள்வியெல்லாம் ஒரே இடத்தில் வரிசையில் வந்து நிற்கும், கருவாட்டுப் படத்தை வெள்ளித் தட்டில் வைத்த நகைபோலக் காட்டும். அதில் 'யாருக்கும் இடைஞ்சல் இல்லாத பதிவு' என்று ஒரு சுவிட்ச் இருந்தது. அதைப் போட்டால் வாசனை சுத்தமாக நின்றது. அன்று டெல்மஸ் வெகுநேரம் இழுத்துப் பார்த்துவிட்டு, கைப்பேசியை அணைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து மக்ரூன் சுட எழுந்து போனார்.

பெனிட்டாவின் ஒன்பது கட்டத்தில் வெள்ளைப் பெட்டி ஒன்பதும் வாங்கியது. கிளி ஆறு, ஒட்டகம் இரண்டு. இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஜெசிந்தாவும் நினைத்தாள். பெற்றோர் நாளுக்கு நீலப்புடவையா பச்சைப்புடவையா என்பது ஒன்றுதான் அவளுக்குப் பாக்கியிருந்த யோசனை.

பதினோராம் நாள் சென்னையிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். கல்யாணமாகி ஆறு மாதம், அசைவம் ஆகாது என்ற வீட்டில் வாயைக் கட்டிக்கொண்டு குடியிருந்தார்களாம், ஜெசிந்தாவின் வீடியோவைத் திறந்த நேரம் பார்த்து வீட்டுச் சொந்தக்காரர் வாடகை விஷயமாக உள்ளே வந்துவிட்டாராம், இந்த மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். திட்டி ஒரு வார்த்தை எழுதவில்லை அந்தப் பெண். 'உங்க மேல கோபம் இல்லக்கா. வாசனை வந்ததும் எனக்கு எங்க வீட்டு ஞாபகம் வந்து சந்தோஷமாத்தான் இருந்தது. ஆனா ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பியிருக்கலாம்' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

ஜெசிந்தாவுக்குச் சுரீரென்றது. இருபது வருஷமாக அவள் கேட்காமல் யார் மூக்குக்கும் கருவாட்டை நீட்டியதில்லை. அந்தத் தெருவில் கருவாடு விற்கிற யாரும் நீட்ட மாட்டார்கள். கடைக்கு வருகிறவள் மசக்கைக்காரியாக இருக்கலாம், விரதத்தில் இருக்கலாம், தனக்கு ஆகாததை வேறு யாருக்கோ வாங்க வந்திருக்கலாம். அதனால் கருவாட்டை இடுப்பளவில் பிடித்துக்கொண்டு "மோந்து பாக்கியளா?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் தலையை ஆட்டின பிறகுதான் கையை உயர்த்த வேண்டும். கைப்பேசிக்குத் தலை இல்லை, ஆட்டவும் ஆட்டாது, அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் கேட்காமலே கையை உயர்த்திவிட்டாள். உலகம் முழுக்க அத்தனை மூக்குக்கும் கேட்காமல் நீட்டிவிட்டு, அட்டவணை ஒட்டிச் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவமானமாக இருந்தது அவளுக்கு.

டெல்மஸையும் கூட்டி வைத்துக்கொண்டு மூன்று சாப்ட்வேரையும் குடைந்தாள். கிளிக்குக் கேட்கவே தெரியவில்லை, சொல்லத்தான் தெரிந்தது. வெள்ளைப் பெட்டியின் உதவிக்குரல் இனிமையாகப் பேசி, எல்லோருக்கும் தரலாம், அல்லது ஒருவருக்கும் தராமல் இருக்கலாம், நடுவில் வேறு வழி இல்லை என்றது. ஒட்டகத்தில் மட்டும், பொத்தானுக்குள் பொத்தானுக்குள் பொத்தானைத் தாண்டி நாலாவது அறையில், யாரும் தொடாத ஒரு கட்டம் இருந்தது, 'தருமுன் கேட்கவும்' என்று. ஜெசிந்தா அதில் டிக் போட்டாள்.

"ஏன் யம்மா, இதப் போட்டா பிள்ள என்ன சொல்லும்?" என்றார் டெல்மஸ்.

"தெரியலண்ணே."

"அந்த வெள்ளப் பெட்டியவே வச்சுக்கயேன். எனக்கு மணக்கலன்னா போவுது. நீ பிள்ளையப் போயிப் பாரு."

"ஒங்களுக்கு மட்டும்னா யோசிச்சிருப்பேண்ணே" என்றாள் ஜெசிந்தா. "தோஹாவுல ஒருத்தன் வெறுஞ்சோத்துக்குப் பக்கத்துல போன வச்சுக்கிட்டு சாப்புடுதேன்னு எழுதுதான். வேணும்ங்கிறவன் வாயையும் பொத்தி, வேண்டாம்ங்கிறவ மூக்குலயும் திணிக்கதுக்கு நான் ஏன் கடை வச்சிருக்கேன்?"

மகளிடம் சொல்வதற்குத்தான் அவளுக்குத் தைரியம் போதவில்லை. மூன்று தடவை கைப்பேசியை எடுத்து எடுத்து வைத்துவிட்டு, நாலாவது தடவை பேசினாள்.

"ஒட்டகமா?" என்றாள் பெனிட்டா. "ரெண்டு மார்க்கு வாங்குனதா? என் காலேஜ் ப்ராஜக்ட்டுலயே வெள்ளைப் பெட்டிதான் நல்லதுன்னு எழுதிக் குடுத்தாச்சும்மா."

"ஒனக்கும் கேட்டுட்டுத்தாம்ட்டி வரும். வேண்டாம்னு அமுக்கிட்டா வராது."

"கேக்கதே அசிங்கம்மா! 'கருவாட்டு வாசனை வேண்டுமா'ன்னு ஸ்க்ரீன்ல வந்து நிக்கும், பக்கத்துல இருக்கவ படிப்பா. உனக்கு ஏன் புரிய மாட்டேங்குது?" பிறகு அழுகிறாளா கோபப்படுகிறாளா என்று பிரிக்க முடியாத குரலில், "நீ பெற்றோர் நாளுக்கு வர வேண்டாம்மா. நான் ஊருக்கு வரும்போது பாத்துக்கிடலாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஜெசிந்தா ஒட்டகத்தையே வைத்துக்கொண்டாள்.

அதிலிருந்து பதிவு போனால் முதலில் கேள்விதான் போகும். ஆம் என்றவர் பெயர் பச்சையிலும், இல்லை என்றவர் பெயர் சிவப்பிலும், வாயே திறக்காதவர் பெயர் சாம்பல் நிறத்திலும் ஜெசிந்தாவுக்கு வந்து சேரும். தெருவும் சீக்கிரமே இதற்குப் பழகிக்கொண்டது. ஷட்டரில் ஒட்டியிருந்த அட்டையைக் கிழித்தார்கள், ஆறுமுகநயினார் தினம் இல்லையை அமுக்கிவிட்டுச் சரணம் சொன்னார், பங்குச்சாமியார் பிரசங்கம் முடிந்த கையோடு ஆம் அமுக்குவதாகக் கோயில் மணியடிக்கிற கோவில்பிள்ளை சொல்லிச் சிரித்தான். வீடு காலிசெய்த சென்னைப் பெண் வேறு வீடு பார்த்துக் குடிபோன அன்றைக்குப் பச்சையில் வந்தாள்.

பெனிட்டாவின் பெயர் தினமும் சிவப்பில் வந்தது. ஜெசிந்தா காலையில் கடை திறந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாள். வலித்தது, அதை ஏன் மறைக்க வேண்டும், பெற்ற பிள்ளை தினமும் ஒரு தடவை நீ வேண்டாம் என்று சொல்வது போலவே இருந்தது. ஆனால் சாம்பலாக விடாமல் பதில் சொல்கிறாளே, கேட்டதற்கு மதித்து ஒரு வார்த்தை சொல்கிறாளே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மறுநாள் பதிவில் மறுபடியும் கேட்பாள். வேண்டாம் என்று சொல்ல வாடிக்கையாளருக்கு இருக்கிற உரிமை மகளுக்கு இல்லாமல் போகுமா?

பன்னிரண்டு நாள் சிவப்பு. பதின்மூன்றாம் நாள் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, சாம்பல். பதினாலும் சாம்பல், பதினைந்தும் சாம்பல். சிவப்பைத் தாங்கிக்கொண்டவளுக்குச் சாம்பலைத் தாங்க முடியவில்லை. கூப்பிட்டால் எடுக்கவில்லை. பதினாறாம் நாள் மதியம் போட்ட சாளைக் கருவாட்டுப் பதிவு ஒட்டகத்தின் முதுகில் ஏறி நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில், பட்டியலில் பெனிட்டாவின் பெயர் பச்சையாயிற்று. ஜெசிந்தா கத்தரிக்கோலும் கையுமாகத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் பிசகியிருக்கும் என்று முந்தானையால் உப்பைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். பச்சைதான்.

அரைமணி கழித்துக் கைப்பேசி அடித்தது.

"எம்மா." குரல் கரகரத்தது. "காச்சல்மா, நாலு நாளா. டாக்டர் ஒண்ணுமில்ல, சரியாயிரும்னுட்டாரு. கஞ்சிதான் உள்ள எறங்கல. வாயெல்லாம் கசப்பு."

"ஏட்டி பெனி, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நான் இப்பவே பொறப்படுதேன்."

"இருமா. சொல்லுதேன் கேளு. ஆமான்னு அமுக்கிட்டேன்."

"பாத்தேன்."

"போர்வைக்குள்ள வச்சுத்தான் அமுக்குனேன். யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். ரூம் முழுக்க மணந்துருச்சு. நாலு பேரும் எந்திரிச்சு உக்காந்துட்டாளுவ. என்ன வாசனடின்னு கேட்டாளுவ."

ஜெசிந்தா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். சாக்கடை என்று சொல்லியிருக்கலாம், மெஸ் என்று சொல்லியிருக்கலாம், சொல்லிப் பழகிய வாய்தான், காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையை அதற்காகக் குற்றம் சொல்லவும் முடியாது. எதைச் சொல்லியிருந்தாலும் சரி என்று சொல்லிவிட வேண்டும் என்று முன்கூட்டியே மனசைத் தயார் பண்ணிக்கொண்டாள்.

"நீ என்ன சொன்ன?"

"கருவாடுன்னு சொல்லத்தான் வாயெடுத்தேம்மா. 'எங்கம்மா'ன்னு வந்துருச்சு."

ஜெசிந்தா பக்கத்திலிருந்த உப்பு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அந்தப்பக்கம் மகள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, காய்ச்சலா அழுகையா என்று அவள் கேட்கவில்லை.

"அப்புறம் எல்லாத்தயும் சொல்லிட்டேன். ஒருத்தி மொகத்தச் சுளிச்சா. ஒருத்தி இன்னொருக்க அமுக்குன்னா. கஞ்சி குடிச்சிட்டேம்மா, ஒரு டம்ளர் முழுசா. பெற்றோர் நாளு வர வரைக்கும் இருக்காத, இப்பவே வா. பஸ் ஸ்டாண்டுல நிக்காத, நேரா ரூமுக்கு வந்துரு."

"வாட்ச்மேன் விடுவானாட்டி? யாருன்னு கேட்டா என்ன சொல்லணும்?"

"பெனிட்டாவோட அம்மான்னு சொல்லு."

மூன்று வருஷத்தில் கோயம்புத்தூர் மண்ணில் அவள் யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

"சொல்லுதேன்" என்றாள் ஜெசிந்தா.